பழுது ஒன்று

உப்புக் கரைத்த நீரில் மிதந்தது.
கண்ணாடி என்றால் மூழ்கியிருக்கும்.
கம்பளியில் தேய்த்து அருகே கொண்டுபோனால்
காகிதத் துணுக்கு எழுந்து ஒட்டிக்கொண்டது.
சரி, அம்பர்தான்.

தேவகோட்டையில் மாலை நாலு மணி.
ஆய்வகத்தில் மின்விசிறியை நிறுத்திவிட்டேன்,
காற்றுக்கு மேசை நடுங்குகிறது.
உமையாள் கழுத்தில் போட்டதே இல்லாத மாலையில்
பதினேழாவது மணி இது.
ஒரு வாரத்துக்கு இரவல்.
ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுத்தாள்.

நீளம் ஐந்தரை மில்லிமீட்டர்.
பெண். சிறகில்லாத வேலைக்காரி.
நிறம் சொல்வதற்கில்லை,
பிசினின் நிறத்தையே உடுத்தியிருக்கிறாள்.
வலது உணர்கொம்பில் பன்னிரண்டு கணு.
இடதில் ஒன்பதுதான்; மிச்சத்தை
நூல் கோக்கத் துளையிட்டவனின் ஊசி கொண்டுபோயிற்று.
வாயருகே ஒரு குமிழி.
கடைசி மூச்சு என்று எழுதக் கை வந்தது.
எறும்பு வாயால் மூச்சு விடாது.
அடித்துவிட்டு, குமிழி, விட்டம் பூஜ்யம் புள்ளி மூன்று, என்றேன்.

தாடை.
இங்கே நான் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

இன்றிருக்கும் எறும்பெல்லாம்
இடமும் வலமுமாகக் கடிக்கிறது.
இவளுக்குக் கீழிருந்து மேலே.
நெற்றியில் ஒரு கொம்பு,
அதைப் பார்த்து உயரும் இரண்டு வளைந்த கத்தி.
அரிவாள்மனையைத் தலையில் கட்டிக்கொண்டு
ஒருத்தி காட்டுக்குள் நடந்த மாதிரி.
எதை வைத்து நறுக்கினாள்,
அந்த எதுவும் இப்போது இல்லை.
உணவு: தெரியவில்லை.

காலம் ஒன்பது கோடியே தொண்ணூறு லட்சம் ஆண்டு.
தொலைபேசியில் சொன்னபோது உமையாள்
கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு, "விலை ஏறுமா?" என்றாள்.
ஏறும் என்றேன், அந்த ஒரு மணிக்கு மட்டும்.
அன்றிரவு ஒரு படம் அனுப்பினாள்,
மாண்டலே கடைப் பேரேட்டில் ஒரு பக்கம்.
பிரஜோற்பத்தி வருஷம், ஆவணி,
அடுத்தாள் சாத்தப்பன் கை எழுத்து:

பிசின் மணி நாற்பத்தொன்று, அடகு.
அதில் பழுது ஒன்று.
எறும்பு விழுந்தது. கொம்புள்ளது.
எட்டணா தள்ளி.

கொம்புள்ளது!
லென்ஸ் இல்லை, விளக்கு மண்ணெண்ணெய்,
எதிரே கடன்காரன் காத்து நிற்கிறான்.
எனக்கு மூன்று நாள் எடுத்ததை
அவன் ஒரு சொல்லில் முடித்துவிட்டு
அடுத்த வரிக்கு, அரிசி மூட்டைக்குப் போயிருக்கிறான்.

அவன் பெயரையே இவளுக்கு வைக்கலாம்.
சாத்தப்பனின் எறும்பு.
ஆனால் மணி அருங்காட்சியகத்தில் சேராமல்
எந்த இதழும் பெயரை ஏற்காது.
மாலையை அவிழ்க்க உமையாள் சம்மதிக்கவில்லை.
"நாற்பத்தொன்றில் ஒன்று குறைந்தால்
கணக்கு உதைக்கும்," என்றாள்.
சிரிக்காமல் சொன்னாள்.
நானும் வற்புறுத்தவில்லை.
கண்ணாடிப் பெட்டிக்குள் போனாலும்
இவளுக்கு அது இரண்டாவது பெட்டிதானே,
என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
உண்மையில் எனக்குக் கோபம்.

திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும்.
விவரக்குறிப்பு ஆறு பக்கம்.
பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு.

மதியம் தின்ற சீயத்திலிருந்து உதிர்ந்த
வெல்லப் பூரணத் துணுக்கை
சுவரோரத்திலிருந்து வந்து கண்டுபிடித்துவிட்டன.
பதினைந்து இருபது, பொடி எறும்புகள்.
நுண்ணோக்கியின் காலைச் சுற்றிக்கொண்டு
தாளின் மேலேறி
அந்தக் கோட்டின் மீதே நடக்கின்றன.
ஊதிவிடக் குனிந்தேன்.
இடமும் வலமுமாகக்
கடித்துத் தூக்குகின்றன.